கோக்யோ ஏரிகளும் கும்பு மடாலயங்களும்: 11 நாள் போதுமா, 16 நாள் வேண்டுமா?

கேள்வி: நெடுவழியன்

வணக்கம். வரும் அக்டோபரில் நானும் என் மனைவியும் நேபாளத்தின் கும்பு பகுதியிலுள்ள கோக்யோ ஏரிகளுக்கு நடந்து செல்ல எண்ணியிருக்கிறோம். எனக்கு 53 வயது, அவருக்கு 49. இருவருக்கும் நாள்தோறும் நடக்கும் பழக்கம் உண்டு. ஆனால் 3,500 மீட்டருக்கு மேல் இரவு தங்கிய அனுபவம் இல்லை.

இரண்டு நிறுவனங்களிடம் பயணத்திட்டம் வாங்கியிருக்கிறோம். லுக்லாவில் விமானம் இறங்கும் நாளிலிருந்து கணக்கிட்டால் முதலாவது 11 நாள்: பக்டிங், நாம்சே பஜாரில் இரண்டு இரவு, டோலே, மச்செர்மோ, கோக்யோவில் இரண்டு இரவு, பிறகு வந்த வழியே திரும்புதல். இரண்டாவது 16 நாள்: நாம்சேயிலிருந்து தெங்போச்சே, அங்கிருந்து பாங்போச்சே வழியாகப் போர்ட்சே, அதன்பின் டோலே, மச்செர்மோவில் இரண்டு இரவு, கோக்யோவில் மூன்று இரவு, ரென்ஜோ லா கணவாயைக் கடந்து தாமே, மறுபடி லுக்லா.

எங்களுக்கு ஏரிகள் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் அங்குள்ள பௌத்த மடாலயங்களும் ஷெர்பா மக்களின் வாழ்க்கையும். முதல் திட்டத்தைத் தந்தவரோ, மடாலயம் பார்க்க விரும்புவோர் எவரெஸ்ட் அடிவார முகாமுக்குப் போகும் பாதையில்தான் செல்ல வேண்டும், கோக்யோ பாதை ஏரிகளுக்கு மட்டுமானது என்கிறார். கூடுதலாக ஐந்து நாள் செலவிடுவது தகுமா? வழிகாட்டி கட்டாயமா? ரென்ஜோ லாவைத் தாமே பக்கமிருந்து ஏறிக் கடப்பது நல்லதா, கோக்யோ பக்கமிருந்தா? சென்று வந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

பதில்: பனிக்கால்

வணக்கம் ஐயா. இரண்டுமுறை அந்தப் பள்ளத்தாக்கில் நடந்தவன் என்ற முறையில், 16 நாள் திட்டத்தையே தேர்ந்தெடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். மடாலயங்களுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை.

நாம்சே 3,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோக்யோ ஏறத்தாழ 4,790. 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு இரவு தங்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை மேலே ஏறாமல் ஓர் இரவு கூடுதலாகத் தங்க வேண்டும் என்பது உயர்மலை மருத்துவர்கள் பொதுவாகக் கூறும் அறிவுரை. முதல் திட்டத்தில் நாம்சேயை விட்ட பிறகு கோக்யோவை அடையும்வரை அப்படி ஓர் இரவுகூட இல்லை. அந்த வேகத்தில் சென்று நலமாகத் திரும்பியவர்கள் பலர் இருக்கிறார்கள் என்பதை மறுக்கவில்லை. ஆனால் உங்களில் ஒருவருக்குத் தலைவலி வந்து ஒரு நாள் நிற்க நேர்ந்தால், நிற்பதற்கு அந்தத் திட்டத்தில் இடமே கிடையாது.

கோக்யோ பள்ளத்தாக்கில் இன்னொரு சிக்கலும் உண்டு. அங்கே ஊர்களுக்கு இடையே தூரம் குறைவு, ஏற்றம் அதிகம். டோலேயிலிருந்து மச்செர்மோவுக்கு மூன்று நான்கு மணி நேர நடைதான்; அங்கிருந்து கோக்யோவுக்கும் ஏறத்தாழ அவ்வளவே. நண்பகலுக்குள் விடுதியை அடைந்துவிடுவதால், காலில் வலு மிச்சமிருக்கிறதே, அடுத்த ஊரையும் இன்றே எட்டிவிடலாமே என்ற எண்ணம் எழும். கால் களைக்கவில்லை என்பதால் உடல் அந்த உயரத்துக்குப் பழகிவிட்டது என்று ஆகிவிடாது.

இப்போது இரண்டாவது திட்டத்தைப் பாருங்கள். தெங்போச்சே 3,867 மீட்டர், போர்ட்சே ஏறத்தாழ 3,800 மீட்டர். அந்த இரண்டு இரவும் ஒரே உயரத்தில் கழிகின்றன. பகலில் பாங்போச்சே வரை ஏறி மீண்டும் இறங்குகிறீர்கள். நுரையீரலும் இரத்தமும் பழகுவதற்குத் தேவையான அதே நாள்களில்தான் மடாலயங்களும் வருகின்றன. முதல் நிறுவனம் மடாலயங்களை நீக்கியபோது உங்கள் உடலுக்குரிய நாள்களையும் சேர்த்தே நீக்கிவிட்டது.

தெங்போச்சே மடாலயத்தை லாமா குலு 1916ஆம் ஆண்டில் நிறுவினார். 1934 நிலநடுக்கத்தில் அது இடிந்தது. மீண்டும் எழுப்பப்பட்ட கட்டடம், மின்விளக்கு வந்து சில மாதங்களே ஆன நிலையில் 1989 ஜனவரியில் தீயில் அழிந்தது. இன்று நாம் காண்பது அதன்பின் கட்டியது. ஆகவே பழைமையைத் தேடி அங்கே போகாதீர்கள், வழிபாட்டைக் காணப் போங்கள். விடியற்காலையில் துறவிகள் வரிசையாக அமர்ந்து ஓதும்போது சுவரோரம் அமைதியாக அமர்ந்திருக்க இடம் தருவார்கள். பழைமை வேண்டுமென்றால் பாங்போச்சே இருக்கிறது. கும்புவின் மிகப் பழைய மடாலயம் அதுதான். லாமா சங்வா டோர்ஜே 17ஆம் நூற்றாண்டில் நிறுவியதாகக் கூறுவார்கள். அடிவார முகாமுக்கு விரைகிறவர்களில் பெரும்பாலோர் கீழ்ப்பாதையில் கடந்துவிடுவதால், ஊரின் மேல்பகுதியில் பழைய ஜூனிப்பர் மரங்களுக்கு நடுவே நீங்கள் தனியாக நிற்கக்கூடும். அங்கிருந்து மலைச்சரிவை ஒட்டிப் போர்ட்சேக்குச் செல்லும் ஒற்றையடிப் பாதைதான் முழுப் பயணத்திலும் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வலப்புறமும் இடப்புறமும் வரையாடுகளைப் போன்ற தார் ஆடுகள் மேயும். கீழே தொலைவில் இம்ஜா ஆறு இரையும்.

பயணம் ஏரிக்கு மட்டுமானது என்ற கூற்றையும் நான் ஏற்க மாட்டேன். ஷெர்பாக்கள் ஏறத்தாழ 500 ஆண்டுகளுக்கு முன் கிழக்குத் திபெத்திலிருந்து கணவாய்களைக் கடந்து வந்தவர்கள். கும்பு பள்ளத்தாக்கைத் திபெத்தியப் பௌத்தத்தின் பெருங்குருவான பத்மசம்பவர் மறைத்து வைத்த ‘பேயுல்’ என்று அவர்கள் நம்புகிறார்கள். இடர்க்காலத்தில் அறவோர் புகலடைவதற்கான மறைவிடம் என்பது அதன் பொருள். அதனால் அந்த எல்லைக்குள் உயிர்க்கொலை கூடாது என்பது வழக்கம். நாம்சேக்கு மேல் விடுதிகளில் கிடைக்கும் இறைச்சி கீழிருந்து பல நாள் சுமந்து வரப்பட்டது. அதைத் தவிர்த்துப் பருப்பும் சோறும் உண்பது வயிற்றுக்கும் நல்லது, ஊர் மரபுக்கும் இசைவானது. கும்ஜுங் ஊருக்கு மேலே நிற்கும் கும்பிலா, 5,761 மீட்டர் உயரமே உள்ள சிகரம். சுற்றியுள்ள பெருமலைகளுக்கு முன் அது சிறியது. ஆனால் காவல் தெய்வத்தின் இருப்பிடமாகையால் அதன்மேல் ஏறுவதில்லை. கோக்யோ செல்லும் வழி முழுவதும் அந்த மலையைச் சுற்றியே போகிறீர்கள்.

பதில்: வெண்தாமரை

மேலே கூறப்பட்டதை என் அனுபவத்தைக் கொண்டு உறுதிப்படுத்துகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நானும் என் தம்பியும் ஒரு நிறுவனத்தின் 10 நாள் திட்டத்தில் சென்றோம். நாம்சேயில் அவனுக்கு எந்தக் குறையும் இல்லை. மச்செர்மோவை நிறுத்தாமல் கடந்து, டோலேயிலிருந்து ஒரே நாளில் கோக்யோவை அடைந்தோம். அன்று மாலை அவன் உணவைத் தொடவில்லை. இரவு பத்து மணிக்குக் கழிவறைக்கு எழுந்தவன் நேர்க்கோட்டில் நடக்க இயலாமல் சுவரைப் பிடித்துக்கொண்டான். குடிபோதையில் இருப்பவரைப் போன்ற அந்தத் தள்ளாட்டம் மூளை வீக்கத்தின் அறிகுறி என்று எங்களுடன் வந்த வழிகாட்டிக்குத் தெரிந்திருந்தது. விடியட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. விளக்கொளியில் தம்பியைத் தோளில் சாய்த்துக்கொண்டு மச்செர்மோவுக்கும் கீழே இறக்கினார். அவன் இன்று நலமாக இருப்பதற்கு அந்த மனிதரே காரணம். அத்திட்டத்தை வகுத்தவர்கள் மலையில் இல்லை, அலுவலகத்தில் இருந்தார்கள்.

ஓய்ந்து உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சுத் திணறினால், நடை தடுமாறினால், பேச்சு குழறினால், எந்த நேரமானாலும் இறங்கிவிடுங்கள். மருந்து இறக்கத்துக்கு மாற்று ஆகாது. அசிட்டசோலமைடு 125 மில்லிகிராம் மாத்திரையை நாளைக்கு இருமுறை தடுப்பு மருந்தாக எடுத்துக்கொள்வோர் பலர். சல்ஃபா வகை மருந்துகள் ஒவ்வாதவர்களுக்கு அது ஏற்புடையதா என்பதை உங்கள் மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். காப்பீட்டுப் பத்திரத்தில் உயர வரம்பு எவ்வளவு என்பதையும் படித்துப் பாருங்கள். கோக்யோ ஊருக்கு மேலேயுள்ள கோக்யோ ரீ சிகரம் 5,357 மீட்டர். பல பத்திரங்கள் அதற்கு வெகு கீழேயே நின்றுவிடும்.

பதில்: மேகத்தடம்

கணவாயைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். தாமே பக்கமிருந்து ஏறி ரென்ஜோ லாவின் உச்சியில் கால் வைக்கும் கணத்தில், கீழே கோக்யோ ஏரியின் நீலமும் அதற்கு அப்பால் எவரெஸ்டும் ஒருசேரத் திறக்கும். எதிர்த்திசையில் வருபவருக்கு அந்தக் காட்சி முதுகுக்குப் பின்னால் போய்விடுகிறது. காட்சிக்காகத் தாமே வழியாக ஏறுவதே சிறந்தது என்பது என் கருத்து.

பதில்: பனிக்கால்

காட்சியைப் பற்றி நண்பர் கூறுவது முற்றிலும் உண்மை. ஆனால் அந்தத் திசையில், லுங்டெனில் சுமார் 4,380 மீட்டரில் தங்கிவிட்டு, மறுநாள் 5,360 மீட்டர் கணவாயைக் கடந்து, 4,790 மீட்டரில் உறங்க வேண்டும். இதற்குமுன் உயரத்தில் தங்கியிராத இருவருக்கு அது கடினமான நாள். கோக்யோவில் மூன்று இரவு தங்கிய பிறகு புறப்பட்டால் ஏற்றம் 570 மீட்டர்தான், உடலும் பழகியிருக்கும், அன்று இரவு இறங்கித் தங்குகிறீர்கள். கணவாயின் உச்சியில் அரை மணி நேரம் திரும்பி அமர்ந்து பார்த்துவிட்டு இறங்குங்கள். மேற்குப் பக்கம் கற்படிகளாக நீண்டு இறங்குகிறது. பனி பெய்திருந்தால் காலணியில் மாட்டும் முள்வளையம் இல்லாமல் அதில் இறங்க வேண்டாம்.

தாமேயில் ஓர் இரவேனும் தங்குங்கள். டென்சிங் நோர்கே சிறுவனாக வளர்ந்த ஊர் அது. 2024 ஆகஸ்ட் 16 அன்று மேலேயுள்ள பனியாற்று ஏரி உடைந்து வந்த வெள்ளம் ஊரின் வீடுகளையும் பள்ளியையும் மருத்துவ நிலையத்தையும் தாக்கியது. மடாலயம் ஊருக்கு மேலே பாறைச் சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஏரிகளைத் தேடிப் போகும் நாம், ஓர் ஏரி அவ்வூர் மக்களுக்கு என்ன செய்தது என்பதையும் அங்கே நின்று பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

கேட்டவர்: நெடுவழியன்

அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. பதில்களை மனைவியுடன் சேர்ந்து படித்தேன். 16 நாள் திட்டம் என்று முடிவு செய்துவிட்டோம். இன்னும் இரண்டு ஐயங்கள். வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்? கோக்யோ ஏரியில் நீராடுவது புண்ணியம் என்று ஓரிடத்தில் படித்தேன்; அதற்கு அனுமதி உண்டா?

பதில்: பனிக்கால்

2023 ஏப்ரல் முதல் வெளிநாட்டவர் உரிமம் பெற்ற வழிகாட்டியுடனேயே மலைநடை செல்ல வேண்டும் என்று நேபாள சுற்றுலா வாரியம் அறிவித்தது. கும்பு பகுதியின் உள்ளாட்சி தன் எல்லைக்குள் அதை வலியுறுத்தவில்லை. விதி எப்படி இருந்தாலும் நீங்கள் வழிகாட்டி இல்லாமல் போக வேண்டாம். வெண்தாமரை எழுதியதே அதற்குப் போதுமான காரணம். ஷெர்பா என்பது ஒரு மக்களினத்தின் பெயர், வேலையின் பெயரன்று. நல்ல வழிகாட்டிகளில் ராய், தமாங், மகர் இனத்தவரும் இருக்கிறார்கள். ஆனால் உங்கள் விருப்பம் மடாலயங்கள் என்பதால், கும்புவில் பிறந்த ஒருவரைக் கேளுங்கள். வழிபாடு எந்நேரம் நடக்கிறது என்பது அவருக்குத் தெரியும். பூட்டிய மடாலயத்தின் திறவுகோல் எந்த வீட்டில் இருக்கிறது என்பதும் தெரியும். சுமை தூக்குபவருக்கு 30 கிலோவுக்கு மேல் ஏற்றுவதில்லை, குளிருடையும் காப்பீடும் தருகிறோம் என்று நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அக்டோபரில் லுக்லா விமானங்கள் பெரும்பாலும் காட்மாண்டுவிலிருந்து அன்றி, நாலைந்து மணி நேரப் பேருந்துப் பயணத்தில் உள்ள ராமேசாப்பிலிருந்து புறப்படுகின்றன. நடைக்கு வெளியே இரண்டு நாள் கையிருப்பு வைத்துக்கொள்ளுங்கள். தேசியப் பூங்கா நுழைவுக் கட்டணம் இந்தியா உள்ளிட்ட சார்க் நாட்டவருக்கு 1,500 நேபாள ரூபாயும் வரியும். உள்ளாட்சிக்குத் தனியே ஒரு கட்டணம் உண்டு.

நீராடல் பற்றி: நாம் ஆவணி அவிட்டம் கொண்டாடும் அதே பௌர்ணமியில் நேபாளத்து இந்துக்கள் ஜனை பூர்ணிமா கொண்டாடுகிறார்கள். அன்று கோக்யோ ஊரை ஒட்டிய துத் போக்ரி என்னும் மூன்றாம் ஏரியில் நீராடிப் பூணூல் மாற்ற யாத்திரிகர்கள் வருவார்கள். அந்த நாள் மழைக்காலத்தில் வருவதால் நீங்கள் அதைக் காண மாட்டீர்கள். ஷெர்பாக்களோ ஊற்றிலும் ஏரியிலும் ‘லு’ என்னும் நாகங்கள் உறைவதாகவும், நீரை அசுத்தப்படுத்தினால் அவை சினந்து நோயை அனுப்பும் என்றும் நம்புகிறார்கள். சோப்பு போடுவது, துணி அலசுவது, குப்பை எறிவது எல்லாம் அவர்களுக்குப் பெரும் பிழை. பனியாற்று நீரில் குளிப்பது உடலுக்கும் இடர். இரண்டு மரபையும் மதிக்க விரும்பினால், ஒரு கை நீரை அள்ளித் தலையில் தெளித்துக்கொள்ளுங்கள். என் வழிகாட்டி அதைத் தவறாகக் கருதவில்லை.

கோக்யோவில் இருக்கும் நாள்களில் ஒன்றை ஐந்தாம் ஏரியான ங்கோசும்பா ஏரிக்கு ஒதுக்குங்கள். பெரும்பாலோர் கோக்யோ ரீயில் ஏறிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நேபாளத்தின் மிக நீண்ட பனியாறான ங்கோசும்பாவின் கரைமேட்டை ஒட்டி வடக்கே நடந்தால் நான்காவதான தோனக் ஏரியைக் கடந்து அங்கே போகலாம். இந்த ஏரிகள், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களைக் குறிக்கும் ராம்சார் பட்டியலில் 2007 முதல் உள்ளன. பாறை அரைபட்ட மாவு கலந்த நீர் பால் கலந்த நீலமாகத் தெரியும். இலையுதிர்காலத்தில் வலசை போகும் நீர்ப்பறவைகள் கரையோரம் இளைப்பாறும். எதிரே 8,188 மீட்டர் உயரமுள்ள சோ ஓயு சுவர்போல நிற்கும். போகவர ஏழெட்டு மணி நேரம் ஆகும், வழியில் விடுதி ஏதுமில்லை. சுடுநீர்க் குடுவையும் உணவும் எடுத்துக்கொண்டு ஆறு மணிக்கெல்லாம் கிளம்பிவிடுங்கள். வழியில் மணிச்சுவர், அதாவது மந்திரம் பொறித்த கற்களை அடுக்கிய சுவர், வந்தால் அது உங்கள் வலக்கைப் பக்கம் இருக்குமாறு கடந்து செல்லுங்கள்.