மறு: மெசூசா – ‘வாசல் தாயத்து’ வேண்டாமே

ஐயா, வணக்கம். யூதர்கள் வேதக் கட்டளைப்படி, வேதவசனம் எழுதிய தோலைச் சுருட்டி வீட்டுக் கதவு நிலையில் பொருத்துகிறார்களே, அதுதான் மெசூசா. நம் கட்டுரையில் அதற்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்பது பற்றி நீங்கள் எழுதியது:

> ‘வாசல் தாயத்து’ என்றால் எல்லோருக்கும் சட்டெனப் புரியும்.

புரியும்தான், ஆனால் தப்பாகப் புரியும். தோலில் எழுதிச் சுருட்டிக் கூட்டுக்குள் வைப்பதால் பார்க்கத் தாயத்து மாதிரி இருக்கிறது, அது சரி. ஆனால் 12ஆம் நூற்றாண்டிலேயே, உள்ளே வானதூதர் பெயர்களை எழுதிச் சேர்த்தவர்களை யூத அறிஞர் மைமோனிடீஸ் கடுமையாகச் சாடியிருக்கிறார். கட்டளையைத் தாயத்தாக்கிவிட்டார்களே என்பதுதான் அவருடைய கோபம். அதையே நாம் பெயராக வைப்பதா?

எபிரேயத்தில் மெசூசா என்றால் கதவின் நிலைக்கால். பைபிளில் உபாகமம் 6:9இல் அந்தப் பொருள்தான். அப்புறம் அங்கே வைக்கும் சுருளுக்கும் அதுவே பெயராகிவிட்டது. நிலை, நிலைக்கால் எல்லாம் நம் தச்சர்கள் இன்றும் சொல்கிற சொற்கள். ஆகவே என் பரிந்துரை: நிலைச்சுருள்.

‘நிலைப்பேழை’ என்று அம்மா எழுதியிருந்தார்கள். கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் பேழை வெறும் உறை. சோஃபெர் எனப்படும் எழுத்தர் கையால் எழுதிய தோல் உள்ளே இல்லையென்றால், வெள்ளிக் கூட்டையே மாட்டினாலும் கட்டளை நிறைவேறாது. மொத்தம் 22 வரி, 713 எழுத்து. ஓரெழுத்து விட்டுப்போனாலும் செல்லாது. ஏழு ஆண்டில் இரண்டு முறை கழற்றி, மை உதிர்ந்திருக்கிறதா என்று பார்ப்பதும் அதனால்தான்.

வினைச்சொல்லுக்கு ‘பதித்தல்’ வேண்டாம், ‘பொருத்துதல்’ போதும். நிலையைக் குடைந்து உள்ளே வைக்கலாம், ஆனால் ஒரு கையகலத்துக்கு மேல் ஆழம் போனால் செல்லாது. இடம், நுழையும்போது வலக்கைப் பக்கம், நிலையின் மேல் மூன்றிலொரு பங்கு தொடங்கும் உயரத்தில். நிமிர்த்தி வை என்றார் யூத வேத உரையாசிரியர் ராஷி. படுக்கவை என்றார் அவருடைய பேரன் ரப்பேனு தாம். ஐரோப்பிய மரபு யூதர்களான அஷ்கெனாசிகள் இருவர் மனமும் நோகாமல் சாய்த்து வைக்கிறார்கள், மேல்முனை வீட்டுப் பக்கம் பார்த்தபடி. ஸ்பெயின் மரபு யூதர்களான செபர்தியர் நேராகவே வைத்துவிடுவார்கள்.

கட்டுரைத் தலைப்பில் ‘புதுமனை புகுவிழா’ இருப்பதும் இடிக்கிறது. இது வீட்டுக்குச் செய்யும் சடங்கு அல்ல, குடியிருப்பவரின் கடமை. சொந்த வீடென்றால் குடிபோனதுமே பொருத்த வேண்டும். இஸ்ரேலுக்கு வெளியே வாடகை வீடென்றால் 30 நாள் தவணை உண்டு. ‘புதுவீட்டில் நிலைச்சுருள் பொருத்துதல்’ என்றே வைத்துவிடலாமே.

ஒரே உறுத்தல், ‘நிலையான சுருள்’ என்று யாராவது பிரித்துப் படிக்கலாம். முதல் இடத்தில் மெசூசாவையும் பக்கத்தில் எழுதிவிட்டால் சரியாகிவிடும். அதற்குப் பயந்து ‘வாசற்சுருள்’ ஆக்கிவிடாதீர்கள். வாசல் என்றால் நம் ஆட்கள் தெருக்கதவோடு நின்றுவிடுவார்கள். யூதர்களுக்கோ படுக்கையறை, சமையலறை நிலைகளிலும் வேண்டும், குளியலறையைத் தவிர.