தரமிறங்கிய கால்பந்துக் கழகத்தில் உரிமையாளர் போடும் பணம்: கடனா, முதலா?

கெடிலக்கரை (கடலூர்):

வணக்கம். 2016-இல் லெஸ்டர் சிட்டி கால்பந்துக் கழகம் இங்கிலாந்தின் முதல் பிரிவான பிரிமியர் லீக் பட்டத்தை வென்ற இரவில், மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டில் நண்பர்கள் கூடி அதிகாலை வரை விழித்திருந்தோம். அன்று பிடித்த பற்று இன்னும் விடவில்லை. அந்தக் கழகம் 2023-இல் தரமிறங்கி (அதாவது அடுத்த கீழ்ப் பிரிவுக்குத் தள்ளப்பட்டு), 2024-இல் மேலேறி, 2025-இல் மீண்டும் தரமிறங்கியது. உரிமையாளரான கிங் பவர் நிறுவனம், கழகத்துக்குக் கொடுத்திருந்த 19.4 கோடி பவுண்டு கடனை 2023-இல் பங்கு மூலதனமாக மாற்றியது. இவ்வளவு செய்யும் உரிமையாளர் இருந்தும் ஒரு கழகம் தரமிறங்கியவுடன் ஏன் வீரர்களை அவசரமாக விற்கிறது? கடன் பங்காக மாறுவது கழகத்துக்கு உண்மையான நன்மையா, அல்லது ஏட்டில் ஒரு வரி இடம் மாறுவது மட்டும்தானா? கணக்குத் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பேரேடு (இலாசுப்பேட்டை, புதுச்சேரி):

நண்பரே, நான் கடலூர் துறைமுகத்தில் விசைப்படகு வைத்திருக்கும் சிலருக்குக் கணக்கு எழுதுகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் படகு கரையில் நிற்கும். ஆனால் எஞ்சினுக்கு வாங்கிய கடனின் தவணை நிற்காது. தரமிறங்கிய கழகத்தின் நிலையும் இதுதான். ஒரு வேறுபாடு உண்டு: தடைக்காலம் எந்த நாளில் முடியும் என்பது படகுக்காரருக்குத் தெரியும்.

பிரிமியர் லீக்கில் கழகங்களின் வருவாயில் பெரும்பகுதி ஒளிபரப்பு உரிமையிலிருந்து வருகிறது. கீழே இறங்கியவுடன் அந்த ஊற்று வற்றிவிடக் கூடாது என்பதற்காக, சமமாகப் பங்கிடப்படும் ஒளிபரப்புத் தொகையில் முதல் ஆண்டு 55, இரண்டாம் ஆண்டு 45, மூன்றாம் ஆண்டு 20 விழுக்காடு எனப் 'பாராசூட் தொகை' தருகிறார்கள். ஒரே ஒரு பருவம் மேலே இருந்துவிட்டு இறங்கும் கழகத்துக்கு மூன்றாம் ஆண்டுத் தொகை கிடையாது. 2025-இல் இறங்கிய லெஸ்டர் அந்த வகையில்தான் வருகிறது. மறுபக்கம், வீரர்களின் ஊதியம் பல ஆண்டு ஒப்பந்தங்களில் கட்டுண்டு கிடக்கிறது. தரமிறங்கினால் ஊதியம் குறையும் என்ற விதியை ஒப்பந்தத்தில் முன்கூட்டியே சேர்த்திருந்தால் ஒழிய, அது தானாகக் குறையாது. லெஸ்டர் முதலில் இறங்கிய 2022-23 பருவத்தில் அதன் ஊதியச் செலவு 20 கோடி பவுண்டைத் தாண்டியது. மொத்த வருவாயோ 18 கோடியைக்கூட எட்டவில்லை. மேலே இருந்தபோதே வரவை விஞ்சிய செலவு அது.

அவசர விற்பனையில் யாரை விற்பது என்பதிலும் ஒரு கணக்குச் சிக்கல் உண்டு. 5 கோடி பவுண்டுக்கு ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் வாங்கிய வீரரின் விலையை ஆண்டுக்கு 1 கோடியாகப் பிரித்து எழுதுவார்கள். இரண்டு ஆண்டு கழித்து அவருடைய ஏட்டு மதிப்பு 3 கோடி. கழகம் நெருக்கடியில் இருப்பதை அறிந்த எதிர்த்தரப்பு 2 கோடிதான் தருவேன் என்று சொன்னால், விற்ற ஆண்டிலேயே 1 கோடி நட்டம் எழுத வேண்டும். ஆனால் சொந்தப் பயிற்சிப் பள்ளியில் வளர்ந்த இளைஞருக்கு ஏட்டு மதிப்பே கிடையாது. அவரை விற்றால் வரும் பணம் முழுவதும் இலாபம். ஊர்ப் பிள்ளைகள் முதலில் விற்கப்படுவதன் காரணம் இதுதான். எனக்கு மிகவும் வருத்தம் தரும் விதி இது.

உங்கள் முதன்மைக் கேள்விக்கு வருகிறேன். உரிமையாளர் கொடுத்த பணம் கடனாக இருக்கும்வரை, சட்டப்படி அவர் கழகத்துக்குக் கடன் கொடுத்தவர்களுள் ஒருவர். அவர் திருப்பிக் கேட்கலாம், கழகத்தை விற்கும்போது அந்தத் தொகையையும் விலையில் சேர்க்கலாம். பங்காக மாறிவிட்டால் அந்த உரிமை போய்விடுகிறது. கழகம் வீழ்ந்தால் எல்லோருக்கும் கொடுத்த பிறகு எஞ்சியதுதான் அவருக்கு. ஆகவே உண்மையான நன்மைதான். ஆனால் அது நேற்றைய பணத்தைப் பற்றியது. நாளைய ஊதியத்துக்கு அதனால் ஒரு பவுண்டுகூடப் புதிதாக வருவதில்லை.

துய்ப்ளே நகர் வாசகன் (புதுச்சேரி):

மேலே சொன்னதை ஏற்கிறேன், ஆனால் உரிமையாளரின் நல்ல மனத்தை நம்பிக் கழகம் நடத்துவதே ஆபத்து என்பது என் எண்ணம். போல்ட்டன் வாண்டரர்ஸ் 2012-இல் தரமிறங்கியது. அதன் உரிமையாளர் எடி டேவிஸ் தாம் கொடுத்த 10 கோடி பவுண்டுக்கும் மேற்பட்ட கடனை விட்டுக்கொடுத்தே 2016-இல் கழகத்தைக் கைமாற்றினார். அவ்வளவு பெரிய மனம் இருந்தும், 2019-இல் அந்தக் கழகம் நொடித்துச் சட்டபூர்வ நிர்வாகியின் பொறுப்புக்குப் போனது. அதற்குத் தண்டனையாக லீக் பட்டியலில் 12 புள்ளிகளையும் இழந்தது. அவர் பணம் வந்துகொண்டிருந்த காலத்தில் செலவு அந்தப் பணத்தின் அளவுக்கு வளர்ந்துவிட்டிருந்தது என்பதே நான் இதைப் புரிந்துகொள்ளும் விதம்.

என் அண்ணன் குடும்பம் பிரான்சில் இருப்பதால் அங்குள்ள நடைமுறையைக் கவனித்து வருகிறேன். அங்கே டி.என்.சி.ஜி. என்ற கண்காணிப்புக் குழு, பருவம் தொடங்கும் முன்பே கழகங்களின் கணக்கை ஆராய்கிறது. போதிய பணம் காட்ட முடியாத கழகத்தைக் கீழ்ப் பிரிவுக்கு அனுப்பவும் அதற்கு அதிகாரம் உண்டு. 2009-இல் பிரெஞ்சு வாகையரான போர்தோ, 2022-இல் ஆட்டத்தில் தோற்று இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. 2024-இல் புதிய முதலீட்டாளருடனான பேச்சு முறிந்ததும் தொழில்முறைத் தகுதியையே கைவிட்டு நான்காம் பிரிவுக்குப் போனது. கடுமையான காவலர் இருந்தும் அந்தக் கழகம் விழுந்தது உண்மைதான். ஆயினும் இங்கிலாந்தில் கணக்கு முடிந்த பின் புள்ளிகளைக் கழிப்பதைவிட, பந்து உருளும் முன்பே கேள்வி கேட்பது நேர்மையானது என்று கருதுகிறேன்.

கெடிலக்கரை (கடலூர்):

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஊர்ப் பிள்ளைகளை விற்பதன் காரணத்தை இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. நம்மைப் போன்ற தொலைதூர ரசிகர்கள் இந்தக் கணக்கை நேரடியாகப் பார்க்க வழி உண்டா?

பேரேடு (இலாசுப்பேட்டை, புதுச்சேரி):

உண்டு. இங்கிலாந்தின் 'கம்பெனீஸ் ஹவுஸ்' இணையதளத்தில் கழக நிறுவனத்தின் பெயரைத் தேடினால் ஆண்டுக் கணக்கைக் கட்டணமின்றிப் படிக்கலாம். வருவாயையும் ஊதியத்தையும் பார்த்த பிறகு, அதே பக்கத்தில் பதிவாகியிருக்கும் அடமானங்களையும் பாருங்கள். இனி வர வேண்டிய ஒளிபரப்புத் தொகையையே ஈடாக வைத்துக் கடன் வாங்கியிருந்தால் அங்கே தெரியும். ஒரு தடங்கல் மட்டும் உண்டு. தனியார் நிறுவனம் கணக்கைத் தாக்கல் செய்ய ஒன்பது மாதம் அவகாசம் பெறுகிறது. ஜூன் 30-இல் கணக்கை முடிக்கும் கழகம் அதை அடுத்த மார்ச் இறுதியில்தான் வெளியிட வேண்டும். தரமிறங்கிய ஆண்டின் உண்மை நிலை நமக்குத் தெரியும்போது, அதற்கடுத்த பருவத்தில் சில வார ஆட்டங்களே மிச்சமிருக்கும்.