293318625600: எங்கள் கணக்கு தவறா, பட்டியலில் விடுபட்டதா?

ஈரோடு மஞ்சள் மண்டிக் கணக்கர்:
வணக்கம். டிசம்பர் 22 கணித நாளுக்கு என் மகள் பள்ளியில் ஓர் அட்டை வைக்கிறாள். ராமானுஜன் நம் ஈரோட்டில், பாட்டி வீட்டில் பிறந்தவர் என்பதால் அவருடைய 1915 கட்டுரையையே எடுத்துக்கொண்டோம். தனக்கு முந்தைய எல்லா எண்களையும்விட அதிகக் காரணிகள் கொண்ட எண்களின் பட்டியல் அதில் இருக்கிறது. 12 அப்படிப்பட்டது, அதற்கு ஆறு காரணிகள்.

பட்டியலில் 240940299600 வருகிறது (4800 காரணிகள்). அடுத்தது 321253732800 (5376). நடுவில் 293318625600-ஐ மகள் சோதித்தாள், 5040 வருகிறது! ஆனால் அந்த எண் பட்டியலில் இல்லை. மூன்று இரவுகளாகத் தேடியும் பிழை அகப்படவில்லை. கடைக் கால்குலேட்டரில் எட்டு இலக்கத்துக்கு மேல் ஏறாது. எல்லாம் கையால் போட்டது. ராமானுஜனின் பட்டியலைச் சந்தேகிக்க மனம் வரவில்லை. எங்கே தவறினோம்?

கோபிச்செட்டிபாளையம் மாணவர்:
அண்ணா, 7 இரண்டு முறை வருகிறதா என்று பாருங்கள். ஒரு முறை மட்டும் என்றால் 3360-தான் வரும். பகா எண்களாகப் பிரித்ததை அப்படியே இங்கே எழுதுங்களேன்.

ஈரோடு மஞ்சள் மண்டிக் கணக்கர்:
2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5-உம் 7-உம் இரண்டிரண்டு முறை, பிறகு 11, 13, 17, 19 ஒவ்வொரு முறை. திரும்பப் பெருக்கினால் அதே எண் வருகிறது, தம்பி.

பொள்ளாச்சி ஓய்வுபெற்ற கணித ஆசிரியை:
கணக்கு முழுக்கச் சரி. ஒரு காரணியை உருவாக்க, 2-ஐ எடுக்காமலே விடலாம், அல்லது ஒன்று முதல் ஆறு முறை வரை எடுக்கலாம், ஏழு வழிகள். 3-க்கு ஐந்து வழிகள், 5-க்கும் 7-க்கும் மும்மூன்று, மற்ற நான்குக்கும் இரண்டிரண்டு. 7×5×3×3×16 = 5040.

ராமானுஜன் விட்டுவிட்டது இந்த எண்ணைத்தான். பின்னால் வந்தவர்கள் சரிபார்த்துச் சொன்னது இது. அம்மணி தானாகவே அதைக் கண்டிருக்கிறாள், எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. கணினி இல்லாத காலத்தில் அத்தனை எண்களைக் கண்டவர் அவர். அந்த ஆய்வுக்குத்தான் 1916-இல் கேம்பிரிட்ஜ் பட்டம் கொடுத்தது. ஆகவே தயங்காமல் எழுதுங்கள்.

இன்னொன்று. அவருடைய பட்டியலின் கடைசி எண் 6746328388800. அதை 23-ஆல் வகுத்துப் பாருங்கள்.

ஈரோடு மஞ்சள் மண்டிக் கணக்கர்:
டீச்சர், மீதியே இல்லாமல் 293318625600 வருகிறது! விடுபட்ட எண் கடைசி எண்ணுக்குள்ளேயே இருந்திருக்கிறதே. கூடுதலாக ஒரு 23 சேர்வதால் காரணிகள் இரட்டித்து 10080 ஆகும் என்று மகள் சொல்கிறாள். சரிதானே?

பொள்ளாச்சி ஓய்வுபெற்ற கணித ஆசிரியை:
சரியேதான். இரண்டு எண்களையும் அட்டையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதச் சொல்லுங்கள், பிரித்த பகா எண்களோடு.

ஈரோடு மஞ்சள் மண்டிக் கணக்கர்:
எழுதத் தொடங்கிவிட்டாள். அட்டையின் அகலம் போதவில்லை, இன்னொன்றை ஒட்டிக்கொண்டிருக்கிறோம்.