புற்றுக் காளான் விதை என்று விற்கிறார்களே, நம்பி வாங்கலாமா?

மலைச்சாரல் (பண்டாரவளை):
வணக்கம். சின்னப் போத்தலில் வெள்ளை இழை படர்ந்த சோளத்தைப் போட்டு, புற்றுக் காளான் விதை என்று வட்ஸ்அப் குழுக்களில் விற்கிறார்கள். மரத்தூள் பையில் கலந்து இருட்டில் வைத்தால் நாற்பது நாளில் காளான் என்று சொல்கிறார்கள். கூடவே ஒரு வீடியோ: கொட்டில் தரை முழுக்கப் பொடிப்பொடியாக வெள்ளைக் காளான். இன்னொருவர் காளான் கழுவிய தண்ணீரை வாழைத்தூரில் ஊற்றினாலே முளைக்கும் என்கிறார். சிப்பிக் காளான் பை போடத் தெரியும். பையை ஆவியில் அவிக்கும் பெரல், பை, வளையம் எல்லாம் கைவசம் இருக்கின்றன. காட்டுக் காளானில் எது நடக்கும், எது நடக்காது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொட்டில்காரன் (ஹட்டன்):
அந்தப் போத்தலை வாங்காதீங்க தம்பி. புற்றுக் காளான், அதாவது டெர்மிட்டோமைசிஸ், கறையானோடு சேர்ந்து வாழும் பங்கசு. கறையான் காய்ந்த இலையையும் மரத்தையும் தின்று, அதன் எச்சத்தால் நிலத்துக்கடியில் கடற்பஞ்சு மாதிரி ஒரு கூடு கட்டும். பங்கசு வளர்வது அதில்தான். அங்கே வெப்பம் 27 முதல் 30 பாகை வரை, ஈரம் எப்போதும் உண்டு, காபனீரொட்சைட்டு வெளிக்காற்றைவிட அதிகம். இதையெல்லாம் ஒரு பெட்டிக்குள் உண்டாக்கிவிடலாம் என்றே வைத்துக்கொள்ளுங்க. வேறு பூஞ்சணம் தலைகாட்டினால் உடனுக்குடன் அகற்றுவதும் வேலைக்காரக் கறையான்கள்தான். அந்த வேலையைப் பைக்குள் யார் பார்ப்பது? கூட்டைத் தோண்டி எடுத்து ஈரச் சாக்கில் வைத்தால் சில நாளிலேயே சைலேரியா என்ற கறுத்த குச்சிப் பங்கசு கிளம்பி மூடிவிடும். புற்றை வெட்டி வந்து தோட்டத்தில் புதைப்பதும் இதே கதிதான். புற்றும் அழியும், அடுத்த மழைக்கு அங்கே வரவேண்டிய காளானும் போய்விடும்.

டெர்மிட்டோமைசிஸ் இழையை அகார் (கடற்பாசியிலிருந்து எடுக்கும் கூழ்) தட்டில் வளர்க்க முடியும் என்பது உண்மை. மிக மெதுவாக வரும், சின்ன வெள்ளை முடிச்சும் போடும். அதிலிருந்து குடை விரிய வைப்பதுதான் கைகூடாத கட்டம். கறையான் இல்லாமல் சந்தைக்கு அனுப்பும் அளவில் யாரும் அறுவடை செய்ததில்லை. போத்தல் சோளம் இரண்டு வாரத்தில் முழுக்க வெளுத்திருந்தால், அது சிப்பிக் காளான் விதையாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

வித்தித்தடம் (பேராதனை):
வீடியோ பொய்யாக இருக்கவேண்டும் என்றில்லை. அந்தப் பொடிக் காளான், டெர்மிட்டோமைசிஸ் மைக்ரோகார்பஸ் என்ற சிறிய புற்றுக் காளானாக இருக்கலாம். கறையான்கள் பழைய கூட்டைத் துண்டு துண்டாக மேலே கொண்டுவந்து போடும். மழை விழுந்ததும் அதில் கூட்டமாக முளைக்கும். கொட்டிலுக்கு அடியில் புற்று இருந்தால் விதை போட்டாலும் வரும், போடாவிட்டாலும் வரும். வாழைத்தூரில் வந்ததும் இப்படித்தான் இருக்கும்.

விற்பவரிடம் கேட்கவேண்டியது இது: விதை போட்ட பத்துப் பையோடு, விதை போடாத பத்துப் பையையும் அதே கொட்டிலில் வைத்தீர்களா? வந்த காளானின் உள்சதையை எடுத்து வளர்த்து, அதிலிருந்து மறுபடி காளான் எடுத்தீர்களா? இரண்டாம் தலைமுறை வராதவரை அது தற்செயல்.

எனக்குக் கவலை வேறு. வைக்கோலில் தவிடு கூடி அமோனியா வாடை அடித்தால் மைக்குடைக் காளான் வரும். மெலிந்த தண்டு, ஒரே நாளில் கறுத்து உருகும். கம்போஸ்ட் மேட்டில் குளோரோஃபைலம் மொலிப்டைட்டஸ் என்ற நச்சுக் காளான் வரும். வெள்ளைக் குடை, பழுப்புச் செதில், தண்டில் வளையம். சாப்பிட்டால் கடுமையான வாந்தி பேதி. “விதைத்தது முளைத்தது” என்று நினைத்து இதைச் சமைத்துவிடுவார்கள். குடையை வெள்ளைத் தாளில் கவிழ்த்து ஓர் இரவு வைத்தால் குளோரோஃபைலத்தின் வித்தித் தடம் (உதிர்ந்த வித்திகள் தாளில் பதிக்கும் தடம்) பச்சையாக விழும். புற்றுக் காளானுக்கு இளஞ்சிவப்பு. ஆனால் இளஞ்சிவப்பு மட்டும் பார்த்து நம்பவேண்டாம். நஞ்சுள்ள என்டோலோமா காளானின் தடமும் அதே நிறம்தான்.

மலைச்சாரல்:
நன்றி. பைனஸ் காட்டில் வரும் பருத்த காளான்களும் இப்படித்தானா? பைக்குள் வரக்கூடிய காட்டுக் காளான் ஒன்றுமே இல்லையா?

கொட்டில்காரன்:
பைனஸ் அடியில் வருபவற்றில் பல, உயிருள்ள வேரோடு ஒட்டி வாழ்பவை. பைக்குள் வராது. பட்ட மரத்தில் வருவதைத்தான் முயலவேண்டும்: காட்டுச் சிப்பி, காதுக் காளான். சிங்களத்தில் ஊருபஹ என்கிற பெரிய காளானையும் இலங்கையிலேயே பையில் வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள். வைக்கோல் காளானுக்கு 30 பாகைக்கு மேல் சூடு வேண்டும், மலையில் விட்டுவிடுங்க.

இனம் உறுதியான இளம் காளானாகப் பார்த்து எடுங்க. மழையில் ஊறியதில் பக்டீரியா இருக்கும். கத்தி படாமல் இரண்டாகக் கிழித்து, தொப்பியும் தண்டும் சேரும் இடத்து உள்சதையில் அரிசியளவு எடுத்து அகாரில் வைக்கணும். ஒரு லீற்றருக்கு 200 கிராம் உருளைக்கிழங்கு அவித்த நீர், குளுக்கோசு 20 கிராம், அகார் 15 முதல் 20 கிராம். படரும் இழையின் நுனியை மட்டும் வெட்டி இரண்டு மூன்று தடவை புதுத் தட்டுக்கு மாற்றினால் சுத்தமாகும்.

பைக் கலவை வழக்கமானதே: மரத்தூள் 10 கிலோ, தவிடு 1 கிலோ, கல்சியம் காபனேற்று 200 கிராம், பயற்றம் மா 100 கிராம், மகனீசியம் சல்பேற்று 20 கிராம். பைனஸ், யூகலிப்டஸ் தூள் வேண்டாம், பிசினும் எண்ணெயும் இழையை மட்டுப்படுத்தும். இறப்பர் அல்லது மாமரத்தூள் தேடுங்க. பிழிந்தால் உருண்டை நிற்கணும், தண்ணீர் சொட்டக்கூடாது.

மலையில் பலர் கவனிக்காதது உயரம். 1868 மீற்றரில் இருக்கும் நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகையளவில் கொதிக்கும், பண்டாரவளையில் 96. கீழ்நாட்டில் சொல்லும் மூன்று நான்கு மணி நேர ஆவி இங்கே போதாது. நடுப்பைக்குள் 90 தாண்டிய பிறகு கணக்கை ஆரம்பித்து, ஆறு மணி நேரம் வையுங்க. குக்கரில் 15 இறாத்தல் அழுத்தம் காட்டினாலும் நுவரெலியாவில் உள்ளே 118 பாகைதான் இருக்கும். அகாருக்குச் சொல்லும் 15 நிமிடத்தை 30 ஆக்குங்க.

டிசம்பர், ஜனவரிக் குளிரில் இழை படர வழக்கத்தைவிடக் கூடுதல் நாளாகும். கெட்டுவிட்டதோ என்று பை வாயில் அடைத்த பஞ்சைத் திறந்து பார்க்காதீங்க. பச்சைப் பூஞ்சணம் தெரிந்த பையை மட்டும் அன்றைக்கே வெளியே எடுத்து, திறக்காமலே பெரலில் அவித்த பிறகு கொட்டுங்க.