வைஃபையில் 11 கருவி காட்டுகிறது, வீட்டில் இருப்பதோ 6

உறையூர்வாசி:
வணக்கம். வீட்டில் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு. பத்து நாளாக இரவு எட்டு மணிக்கு மேல் வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கிறது. நேற்று ரவுட்டரின் அமைப்புப் பக்கமான 192.168.1.1-க்குள் போய்ப் பார்த்தால், கருவிப் பட்டியலில் 11 இருக்கின்றன. எங்களிடம் 4 போன், ஒரு லேப்டாப், ஒரு டிவி, அவ்வளவுதான். லைன் போட வந்த பையன் என் செல் நம்பரையே பாஸ்வேர்டாக வைத்துவிட்டுப் போனான், இன்னும் அதேதான். யாரோ புகுந்துவிட்டார்களா?

எலிப்பொறி:
மேக் ஃபில்டர் போடுங்க சார், ஒவ்வொரு கருவிக்கும் இருக்கிற மேக் எண்ணைப் பார்த்து நம்ம கருவியை மட்டும் உள்ளே விடும். வைஃபை பெயரையும் மறைச்சிடுங்க. எங்க வீட்டில் மூணு வருஷமா அப்படித்தான்.

பழைய மோடம்:
எலிப்பொறி கோபித்துக்கொள்ள வேண்டாம், இரண்டுமே வீண் வேலை. மேக் எண் காற்றில் பூட்டில்லாமல்தான் போகிறது. அதைப் படித்துத் தன் கருவிக்கு வைத்துக்கொள்வது சுலபம். பெயரை மறைத்தாலோ, போன் போகிற இடமெல்லாம் அந்தப் பெயரைக் கூவித் தேடும்.

சார், 11 என்ற கணக்கிலேயே எனக்குச் சந்தேகம். ரவுட்டரின் இரண்டு அலைவரிசைகளான 2.4-க்கும் 5 கிகாஹெர்ட்ஸுக்கும் தனித்தனி வைஃபை பெயரா? ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 வந்ததிலிருந்து போன்கள் ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் ஒரு புனை மேக் எண் வைத்துக்கொள்கின்றன. ஒரே போன் பட்டியலில் இரண்டாகத் தெரியும். மேக் எண்ணின் இரண்டாவது எழுத்தைப் பாருங்கள். 2, 6, ஏ (A), ஈ (E) இவற்றில் ஒன்றானால் போன் தானே புனைந்தது. வேறானால் பெரும்பாலும் கம்பெனியில் பதித்த அசல்.

உறையூர்வாசி:
ஆமாம், இரண்டு பெயர்கள். 8 எண்கள் நீங்கள் சொன்ன மாதிரியே! லேப்டாப், டிவி போக ஒன்று மிஞ்சுகிறது. அதன் இரண்டாவது எழுத்து 4.

பழைய மோடம்:
அதுதான் விருந்தாளி. முதல் ஆறு எழுத்தை இணையத்தில் தேடினால் எந்த கம்பெனிக் கருவி என்று தெரியும்.

யாராக இருந்தாலும் செல் நம்பர் பாஸ்வேர்டை இன்றே மாற்றுங்கள். அது தெருவுக்கே தெரியும். தெரியாதவன்கூட, உங்கள் போன் வைஃபையில் இணையும் நொடியில் அதற்கும் ரவுட்டருக்கும் நடக்கும் பேச்சைப் பிடித்து வைத்துக்கொண்டு, நல்ல கிராஃபிக்ஸ் கார்டில் 10 இலக்கத்தையும் சில மணி நேரத்தில் ஓட்டிப் பார்த்துவிடலாம். சம்பந்தமில்லாத நாலைந்து சொற்களைக் கோத்து வையுங்கள். பாஸ்வேர்டு இல்லாமலே கருவியை இணைக்கும் டபிள்யூபிஎஸ் வசதி இருந்தால் அணையுங்கள்: அதன் 8 இலக்க பின் (PIN) எண்ணை ரவுட்டர் இரண்டு துண்டாகச் சரிபார்ப்பதால் 11,000 முயற்சிக்குள் உடையும், இது 2011-லேயே தெரிந்த விஷயம். அப்புறம் ரவுட்டருக்குள் நுழையும் அட்மின் பாஸ்வேர்டு. அதை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள்.

மொட்டைமாடி:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் வைஃபை பூட்டு முறையைப் புதிய டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்தேன், வாசல் கேமரா செத்துவிட்டது.

பழைய மோடம்:
பழைய கேமராவுக்கு அது புரியாது. டபிள்யூபிஏ2, 3 இரண்டும் கலந்த தேர்வு இருக்கும், அதைப் போடுங்கள்.

உறையூர்வாசி:
கண்டுபிடித்தாயிற்று. மேல் வீட்டு டிவி! கிரிக்கெட் மேட்ச் அன்று அவர்களுக்கு கேபிள் போனதாம், "அப்பா நம்பர்தான் அங்கிள்" என்று என் பெண்ணே சொல்லிக் கொடுத்திருக்கிறாள். நல்ல மனிதர்கள், முகத்தில் அடித்தாற்போல் பிடுங்க மனசில்லை. எங்கள் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, அவர்களுக்கு கெஸ்ட் வைஃபை (விருந்தினருக்கான தனி வைஃபை) திறந்து 10 எம்பிபிஎஸ் வரம்பு வைத்தேன். நேற்று இரவு எங்கள் வீடியோ நிற்கவில்லை. அட்மின் பாஸ்வேர்டும் அட்மின் என்றே இருந்தது, மாற்றிவிட்டேன்.

பழைய மோடம்:
கெஸ்ட்டில் உங்கள் போனை இணைத்து 192.168.1.1 திறக்கிறதா பாருங்கள். திறந்தால் கெஸ்ட் சரியாகப் பிரியவில்லை.

உறையூர்வாசி:
திறக்கவில்லை. லேப்டாப்பும் தெரியவில்லை. நன்றி சார்.