கே-என் எனத் தொடங்கும் ஆங்கிலச் சிறுசொற்கள்: உறுப்பினர்களின் அனுபவங்கள்

தொடக்கப் பதிவு: வயது வந்தோருக்கு ஆங்கிலம் கற்பிப்பவர்

முழங்காலைக் குறிக்கும் 'நீ', முடிச்சைக் குறிக்கும் 'நாட்', கத்தியைக் குறிக்கும் 'நைஃப்', தட்டுவதைக் குறிக்கும் 'நாக்', அறிவதைக் குறிக்கும் 'நோ' ஆகிய சொற்கள் அனைத்தும் எழுதும்போது 'கே', 'என்' என்ற இரண்டு எழுத்துகளோடு தொடங்குகின்றன. படிக்கும்போதோ முதலெழுத்து வாயில் வருவதே இல்லை. ஒலிக்காத எழுத்தை எதற்காகச் சுமக்க வேண்டும் என்று ஒவ்வொரு வகுப்பிலும் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார். அதுதான் விதி என்று சொல்லி நகர்ந்துவிடும் ஆசிரியர்களை நான் பார்த்திருக்கிறேன். அது பதிலே ஆகாது என்பது என் கருத்து.

அந்த எழுத்து ஒரு காலத்தில் ஒலித்தது என்பதே உண்மையான பதில். பழைய ஆங்கிலத்தில் இவற்றைச் சி-என் என்று எழுதி, இரண்டு ஒலிகளையும் சேர்த்தே உச்சரித்தார்கள். 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றியதற்குப் பிந்தைய காலத்தில் எழுத்தர்களின் வழக்கம் மாறி, சி நின்ற இடத்துக்குக் கே வந்து சேர்ந்தது. வில்லியம் காக்ஸ்டன் 1476-இல் இங்கிலாந்தில் அச்சுக்கூடம் நிறுவியபோதும் அந்தக் 'க்' பேச்சில் உயிரோடுதான் இருந்தது. அதன்பின் அச்சு நூல்கள் பெருகப் பெருக எழுத்துக்கூட்டு நிலைபெற்றுவிட, 17-ஆம் நூற்றாண்டின் இறுதிவாக்கில் ஒலி மட்டும் பேச்சிலிருந்து உதிர்ந்துபோயிற்று.

இதை நான் எவ்வளவு விளக்கினாலும் ஏறாதது, ஜெர்மன் மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட மாணவி ஒருவர் வகுப்பில் சேர்ந்தபோது ஒரே நாளில் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. முழங்காலுக்கு அவர் மொழியில் 'க்னீ', முடிச்சுக்கு 'க்னோட்டன்', மாவு பிசைவதற்கு 'க்னேட்டன்' என்று அவர் சொல்லச் சொல்ல, ஆங்கிலம் தொலைத்த ஒலி அங்கே முழுதாக இருப்பதை மற்றவர்கள் காதால் கேட்டார்கள். சட்டைப் பொத்தானுக்கும் பூ மொட்டுக்கும் உரிய ஜெர்மன் சொற்களும் இப்படியே தொடங்குகின்றன என்று அவர் சேர்த்துச் சொன்னபோதுதான் பேச்சு சுவையான திசைக்குத் திரும்பியது.

முழங்கால், முடிச்சு, விரல் கணுவைக் குறிக்கும் 'நக்கிள்', கதவுக் குமிழைக் குறிக்கும் 'நாப்', சிறு மேட்டைக் குறிக்கும் 'நோல்' ஆகியவற்றைக் கரும்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினேன். எல்லாமே உருண்டு திரண்டு புடைத்து நிற்பவை. தமிழிலும் முட்டி, முடிச்சு, மொட்டு, முண்டு என்று புடைப்பைக் குறிக்கும் சொற்கள் மகரத்தில் தொடங்குகின்றனவே என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார். இதைக் கொண்டு இரு மொழிகளுக்கும் உறவு கற்பிப்பது அபத்தம். ஆனால் பொருளை நினைவில் இருத்திக்கொள்ள இப்படி இனம் சேர்ப்பதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. கம்பளி பின்னுவதைக் குறிக்கும் 'நிட்' என்ற சொல்லையும் இந்த வரிசையில் வைக்கலாம், ஏனெனில் அதன் பழைய பொருள் முடிச்சிடுவது என்பதே. தட்டுவதற்குரிய 'நாக்', சாவுமணி ஓசைக்குரிய 'நெல்' ஆகியவை மட்டும் தனி இனம். அவை ஓசையிலிருந்து பிறந்தவையாகவே படுகின்றன, க் போனதோடு அவற்றின் அடியில் பாதி வலுவும் போய்விட்டது. உறுப்பினர்கள் தங்கள் அனுபவங்களையும் எழுத வேண்டுகிறேன்.

மறுமொழி: சதுரங்கப் பயிற்சியாளர்

ஐயா, உங்கள் பட்டியலில் இல்லாத 'நைட்' என்ற சொல்லோடுதான் எனக்கு அன்றாடப் பழக்கம். ஆட்டத்தின் நகர்வுகளை எழுதப் பழக்கும்போது, குதிரைக்குரிய ஆங்கிலச் சொல் கே-யில் தொடங்கும்போது அதன் குறியீடு மட்டும் ஏன் 'என்' என்ற எழுத்து என்று பிள்ளைகள் திகைப்பார்கள். கே என்பதை ராஜா முன்பே எடுத்துக்கொண்டுவிட்டார் என்பதுதான் காரணம். பழைய ஆங்கில நூல்களில் குதிரையைக் கே-டி என்று இரண்டெழுத்தால் குறித்தார்கள், பின்னர் ஒலிக்கும் எழுத்தான என் மட்டும் நிலைத்தது. பேச்சில் விழுந்த கே எழுத்திலும் விழுந்த இடம் இது ஒன்றுதான் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

சீட்டுக்கட்டிலும் இதே தகராறு நடந்திருக்கிறது. ஜாக்கியின் பழைய ஆங்கிலப் பெயர் 'நேவ்'. சீட்டின் மூலையில் எழுத்து அச்சிடும் வழக்கம் 19-ஆம் நூற்றாண்டில் பரவியபோது அதன் கே-என் குறியீடு ராஜாவின் கே-யோடு குழம்பியதால், 'ஜாக்' என்ற பெயரும் ஜே என்ற எழுத்தும் நிலைபெற்றன. இந்த இரண்டு சொற்களின் வாழ்க்கையும் வியப்பானது. 'நைட்', 'நேவ்' இரண்டுக்குமே முதற்பொருள் பையன், பிறகு பணியாள். அங்கிருந்து ஒன்று குதிரை வீரனாகி, 'சர்' பட்டம் பெறும் பெருமகனாக உயர்ந்துவிட்டது. மற்றது போக்கிரி என்ற பொருளுக்குச் சரிந்துவிட்டது. இவற்றில் முதலாவதன் ஜெர்மன் உறவுச் சொல்லான 'க்னெக்ட்' இன்றளவும் வேலையாளாகவே இருக்கிறது.

மறுமொழி: கப்பல் பணியில் இருப்பவர்

எங்களுக்கு 'நாட்' என்றால் வேகம். அந்த வேகம் மெய்யாகவே முடிச்சிலிருந்து வந்தது என்பதைப் புதிதாகச் சேரும் இளைஞர்கள் நம்புவதில்லை. பாய்மரக் காலத்தில் மரப்பலகை கட்டிய கயிற்றைப் பின்புறமாகக் கடலில் விட்டு, 28 நொடிகளில் வடிந்து முடியும் மணற்கடிகாரத்தைக் கவிழ்த்து, அது தீர்வதற்குள் கைவழியே ஓடிய முடிச்சுகளை எண்ணினார்கள். முடிச்சுகளுக்கு இடையே 47 அடி 3 அங்குலம் விட்டிருந்ததால், எண்ணிக்கையே மணிக்கு இத்தனை கடல் மைல் என்ற கணக்காகிவிடும். இன்று ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். மணி என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே அடங்கிவிட்டதால், 'மணிக்கு இருபது நாட்' என்று யாராவது சொன்னால் பழைய மாலுமிகள் முகம் சுளிப்பார்கள்.

மறுமொழி: பிழைதிருத்தும் பணியில் இருப்பவர்

கே-என் என்று கண்டால் கே-யை விழுங்கிவிட வேண்டும் என்று மனப்பாடம் செய்தவர்கள் இடறும் இடங்களை நான் கவனித்திருக்கிறேன். இஸ்ரேலிய நாடாளுமன்றத்தின் பெயரான 'க்னெசெட்' எபிரேயத்திலிருந்து அண்மைக் காலத்தில் வந்த சொல்லாதலால், ஆங்கிலத்திலும் அதன் க் ஒலிக்கிறது. செய்தியை மொழிபெயர்க்கும்போது அதனை 'நெசெட்' என்று எழுதிவிடுகிறார்கள்.

ஒப்புக்கொள்வதைக் குறிக்கும் 'அக்நாலெட்ஜ்' இன்னும் நுட்பமானது. அறிவைக் குறிக்கும் 'நாலெட்ஜ்' தனியாக நிற்கும்போது ஊமையாக இருக்கும் க், முன்னால் அகரம் வந்து சேர்ந்ததும் முந்தைய அசையோடு ஒட்டிக்கொண்டு ஒலிக்கிறது. சொல்லின் நடுவில் க், ந் இரண்டும் அடுத்தடுத்து வருவதில் ஆங்கிலேயர் நாவுக்கு எந்தத் தடையும் இல்லை. 'பிக்னிக்', 'டெக்னிக்' என்று தடையின்றிச் சொல்கிறார்கள். சொல்லின் தொடக்கத்தில் வரும்போதுதான் அது அவர்களுக்கு ஆகாமல் போயிற்று. வகுப்பில் 'அநாலெட்ஜ்' என்று யாராவது படித்தால், ஐயா, இதையும் சொல்லிக் கொடுங்கள்.