தெரு ரோட்டுக்கு மூன்று கொட்டேஷன்: யாருக்குக் கொடுப்பது நியாயம்?

வாடைக்காற்று:
உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவில் ஒரு மனைப்பிரிவில் குடியிருக்கிறோம். 48 வீடு. 200 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், முழுக்க மணல் தெரு. ஐப்பசி பிறந்தால் ஆட்டோ உள்ளே வராது, கேஸ் சிலிண்டரை முக்கிலேயே இறக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். வீட்டுக்கு முப்பதாயிரம் போட்டு நாமே சிமெண்ட் ரோடு போட்டுவிடலாம் என்று தெருக் குழுவில் முடிவாகிவிட்டது. காண்ட்ராக்டர் யார் என்பதில்தான் சண்டை.

மூன்று கொட்டேஷன். பரமக்குடிப் பக்கத்து ஆள் 11.40 லட்சம். நம்ம ஊர்க்காரர் ஒருவர் 13.80. இவர் குழுச் செயலாளருக்கு மச்சினன். ராமநாதபுரத்தில் பெரிய அளவில் வேலை எடுப்பவர் 14.10. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் சத்தம்தான் மிச்சம். வெளியில் இருப்பவர்கள் என்ன நினைக்கிறீர்கள்? நம் தெருக்காரர்களும் எழுதலாம்.

மணல்மேடு:
இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஊர்க்காரருக்குக் கொடுங்கள். நாளைக்கு ரோடு பெயர்ந்தால் அவர் வாசலில் போய் நிற்கலாம். பரமக்குடிக்காரர் போனை எடுக்கவில்லை என்றால் பஸ் ஏறிப் போவீர்களா? மச்சினன் என்பது ஒரு குற்றமா? இந்தக் கரையில் பெண் கொடுத்து எடுத்து எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம்தான்.

பனைமரத்தான் (தோஹா):
அண்ணே, வாசலில் போய் நிற்க நீங்கள் ஊரில் இருக்கிறீர்கள். எனக்கும் அதே தெருவில்தான் வீடு, நானும்தான் பணம் போடுகிறேன், ஆனால் வருவது எப்போதோ ஒரு லீவுக்கு. எனக்கு ஆள் முகம் போதாது, காகிதம் வேண்டும். 13.80க்கும் 11.40க்கும் வித்தியாசம் 2.40 லட்சம். வீட்டுக்கு ஐயாயிரம். செயலாளர் வீட்டு உறவுக்கு நான் ஏன் ஐயாயிரம் மொய் எழுத வேண்டும்? குறைந்த விலைக்காரருக்குக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

எம்புக்:
நான் அந்தத் தெரு இல்லை. உள்ளாட்சி வேலைகளில் அளவு எடுத்தே தலை நரைத்தவன். விலையை அப்புறம் பேசலாம். மூன்று தாளிலும் கான்கிரீட் கனம் என்ன போட்டிருக்கிறது?

வாடைக்காற்று:
11.40 தாளில் "4 அங்குல கான்கிரீட்". 14.10 தாளில் 150 மி.மீ., எம்30 கலவை (கான்கிரீட்டின் பலத்தைச் சொல்லும் குறி), அடியில் பாலிதீன் விரிப்பு, 14 நாள் தண்ணீர் கட்டுவது. நம்ம ஊர்க்காரர் தாளில் "தரமான முறையில் சிமெண்ட் ரோடு அமைத்துத் தரப்படும்" என்ற ஒரே வரிதான்.

எம்புக்:
நினைத்தேன். 4 அங்குலம் என்றால் 100 மி.மீ. 14.10க்காரர் கொடுப்பதைவிட 50 மி.மீ. குறைவு. 200 × 4 × 0.05 = 40 கன மீட்டர். போட்டு முடித்த கான்கிரீட்டைக் கன மீட்டருக்கு 7,000 என்று குத்துமதிப்பாக வைத்தாலும் 2.80 லட்சம் ஆகிறது. 14.10இல் அதைக் கழித்தால் 11.30. ஆக, 11.40க்காரர் விலையைக் குறைக்கவே இல்லை, ரோட்டைக் குறைத்திருக்கிறார். இன்னொருவர் என்ன செய்யப்போகிறார் என்பதே தாளில் இல்லை.

கிராமச் சாலைகளில் சிமெண்ட் கான்கிரீட் போடுவதற்கான ஐ.ஆர்.சி. (இந்தியச் சாலைகள் பேரவை) எஸ்.பி. 62 வழிகாட்டி குறைந்தது 150 மி.மீ. கேட்கிறது. மணலுக்கு மேல் 4 அங்குலம் போட்டு, அதில் செங்கல் லோடு ஒன்று ஏறினால் என்ன ஆகும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. மூன்று கொட்டேஷனையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எவ்வளவு ஆழம் தோண்டுவது, கனம், கலவை, எத்தனை அடிக்கு ஒரு ஜாயின்ட், ஓரத்தில் மண் அணைப்பு, ரோட்டின் மேல்மட்டம் வாசற்படிக்கு எவ்வளவு கீழே இருக்கவேண்டும் என்று நீங்களே ஒரு தாள் எழுதி, அதே தாளுக்கு எல்லாரிடமும் மூடிய கவரில் விலை கேளுங்கள்.

பனைமரத்தான் (தோஹா):
சரி, கனக் கணக்கு எனக்குத் தெரியாது. அப்படியென்றால் அந்த 11.40ஐ நான் பிடித்துத் தொங்கவில்லை. ஆனால் ஒரு வரி கொட்டேஷனுக்கு 13.80 லட்சம் தூக்கிக் கொடுக்க ஒரு கூட்டம் கை தூக்கியிருக்கிறதே, அதைப் பற்றி யாரும் பேச மாட்டீர்களா?

கரண்டிக்காரன்:
நான் தொண்டிப் பக்கம் சின்ன அளவில் வேலை எடுத்துச் செய்பவன். சார் சொல்வது சரிதான், ஆனால் தாள் எழுதும்போதுதான் விளையாட்டே நடக்கிறது. "ஐந்து வருட அனுபவம், சொந்த மிக்சர் மெஷின், இவ்வளவு டர்ன்ஓவர்" என்று நாலு வரி சேர்த்தால் போதும், உங்கள் மூன்று பேரில் ஒருவர்தான் தேறுவார். டெண்டர் பிரிப்பதற்கு முன்பே முடிவு தெரிந்துவிடும்.

இன்னொன்று. எங்களிடம் கொட்டேஷன் வாங்குகிறீர்கள். அதைக் கொண்டுபோய் இன்னொருத்தரிடம் காட்டி "இவன் இவ்வளவு சொல்கிறான், நீ குறைப்பியா" என்று கேட்கிறீர்கள். கடைசியில் உங்களுக்கு வேண்டிய ஆளுக்கு அந்த விலையில் கொடுத்துவிடுகிறீர்கள். நானும் இரண்டு தெருவில் இப்படி ஏமாந்திருக்கிறேன். நியாயம் என்பது காண்ட்ராக்டருக்கும் உண்டுதானே? இங்கே ஜல்லி உள்ளூரில் கிடையாது, மதுரை, சிவகங்கைப் பக்கமிருந்துதான் லாரி வரவேண்டும். பாதி வேலையில் பணம் நின்றால் எங்கள் கதி என்ன? எந்தக் கட்டத்தில் எவ்வளவு தருவீர்கள் என்பதையும் அந்தத் தாளில் எழுதுங்கள்.

மணல்மேடு:
பாருங்கள், தொழில்காரரே சொல்கிறார். தாளை நம்பினால் தாள் எழுதுகிறவன்தான் ஜெயிப்பான்.

கரண்டிக்காரன்:
அண்ணே, நான் அப்படிச் சொல்லவில்லை. தாள் வேண்டாம் என்றால் எனக்கு வாய்ப்பே இல்லை. எனக்கு உங்கள் ஊரில் மச்சான் கிடையாது.

தென்கடல்:
எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். விலை குறைவு என்று ஒருவருக்குக் கொடுத்தோம், கனம் எல்லாம் சரியாகத்தான் எழுதியிருந்தது. வேலை ஆரம்பித்ததே சாயங்காலம். அடியில் விரிப்பு இல்லை, காய்ந்த மணல் மேலேயே கொட்டினார்கள். மிக்சர் பக்கத்தில் ஒரு நீல டிரம், அதில் போர் தண்ணீர். கலவை இறுகலாக வந்தால் இழுத்துச் சமன் செய்வது கஷ்டம் என்று, அந்தப் பையன் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வாளி கூடுதலாக ஊற்றிக்கொண்டே இருந்தான். கான்கிரீட் கஞ்சி மாதிரி ஓடியது. மறுநாள் காலையில் மயிரிழை விரிசல், மேலே வெள்ளையாக நுரை காய்ந்த தடம். சாக்கு போட்டு நனைத்தது ஒரே ஒரு நாள். அடுத்த மழைக்கு ஓரத்து மணல் அரித்துப்போய் விளிம்பு தொங்கியது. கேட்டால், "உங்க ஊர் தண்ணி உப்பு, நான் என்ன செய்ய" என்றார்.

ஆள் தேர்வு செய்வதைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம். வேலை நடக்கும்போது பக்கத்தில் யார் நிற்பது என்று யாராவது பேசினீர்களா?

எம்புக்:
அம்மா, உப்புத் தண்ணீர் என்பது பாதி சாக்கு. ஐ.எஸ். 456 தரக்குறியீட்டில் கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 500 மி.கி. குளோரைடு வரைதான் அனுமதி. கம்பி இல்லாத கான்கிரீட்டுக்கு 2,000 வரை போகலாம். தெரு ரோட்டில் பெரும்பாலும் கம்பி கிடையாது. போர் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். கடல் தண்ணீர்தான் கூடவே கூடாது. உங்கள் ரோட்டைக் கெடுத்தது அந்தக் கூடுதல் வாளி. அப்புறம், நனைக்காமல் விட்டது.

பில்லில் ஒரு பங்கைப் பிடித்து வைத்துக்கொண்டு, 28 நாள் கழித்து, கான்கிரீட் கட்டியை அழுத்திப் பலம் பார்க்கும் கியூப் சோதனை முடிவு வந்ததும் கொடுங்கள். இன்னொரு பங்கை ஒரு மழைக்காலம் தாண்டிக் கொடுங்கள். வாளி தானாகக் குறையும்.

விலையை மட்டும் பார்க்கவேண்டும் என்றும் இல்லை. மத்திய அரசின் சில வகைப் பணிகளுக்கு, தரத்துக்கு 30 சதவீதம் வரை மதிப்பெண் வைத்துக்கொள்ளலாம் என்று 2021 அக்டோபரில் நிதி அமைச்சகமே வழி விட்டிருக்கிறது.

கரண்டிக்காரன்:
மதிப்பெண் போடுவது யார் சார், செயலாளரா? தெருக் குழுவுக்கு மதிப்பெண் எல்லாம் வேண்டாம். தாளில் இருப்பதைச் செய்ய முடியுமா முடியாதா என்று பாருங்கள், முடியும் என்பவர்களில் விலை குறைந்தவருக்குக் கொடுங்கள். முன்பு போட்ட ரோடு ஒன்றைக் காட்டச் சொல்லி, போய்ப் பாருங்கள். அது போதும்.

வடகடல்:
எல்லாரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். அந்தத் தெரு யாருடையது? அனுமதி வாங்கிய மனைப்பிரிவு என்றால் ரோட்டை ஊராட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்திருப்பார்கள். அப்படியானால் அது ஊராட்சி ரோடு. கேட்காமல் நீங்கள் தோண்டவே முடியாது. அதோடு, முழுப் பணத்தையும் நீங்களே ஏன் போடுகிறீர்கள்? நமக்கு நாமே திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு நீங்கள் கட்டினால் மீதி அரசு தரும். வேலை டெண்டருக்குப் போகும். 1998ஆம் ஆண்டின் டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் இருக்கிறது. 2 கோடிக்கு உட்பட்ட டெண்டருக்குக் குறைந்தது 15 நாள் அவகாசம் தரவேண்டும், டெண்டர் போட்டவர்கள் முன்னால்தான் கவரைப் பிரிக்கவேண்டும், பாதிக்கப்பட்டவர் 10 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். உங்கள் கூட்டத்தில் இதில் ஒன்றாவது உண்டா?

மணல்மேடு:
டெண்டர் விட்டால் யாருக்குப் போகும் என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும். நாலு பேர் டீக்கடையில் உட்கார்ந்து "இது உனக்கு, அடுத்தது எனக்கு" என்று பேசி, மூன்று டம்மி டெண்டர் போடுவார்கள். 15 நாள் கொடுத்தால் என்ன, 50 நாள் கொடுத்தால் என்ன?

வடகடல்:
இல்லை என்று சொல்லவில்லை மாமா. அப்படிச் சேர்ந்து பேசி டெண்டர் போடுவது 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டப்படியே தப்பு. பிடிபடுவது அபூர்வம், அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அரசு வேலை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் எஸ்டிமேட்டும் எம் புக் என்கிற அளவுப் புத்தகமும் கேட்கலாம், 30 நாளில் பதில் தரவேண்டும். போட்ட பொருளில் மாதிரி எடுத்துத் தரும்படிகூடக் கேட்கலாம். மச்சினனிடம் எந்தச் சட்டத்தில் கேட்பீர்கள்?

மணல்மேடு:
மச்சினன் மச்சினன் என்று எத்தனை தடவை சொல்வீர்கள்? செயலாளர் தெருவிளக்குக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் சொந்தப் பெட்ரோலில் அலைந்தவர். ஒரு ரூபாய் எடுத்தார் என்று எவராவது சொல்லுங்கள் பார்ப்போம். ஒழுங்கு பேசுவது என்றால் முழுசாகப் பேசவேண்டும். வாடைக்காற்று தம்பி, உங்கள் வீட்டு டிப்பர் அந்த 14.10 லட்சக்காரருக்குத்தானே ஓடுகிறது? அதை ஏன் முதல் பதிவில் எழுதவில்லை?

பனைமரத்தான் (தோஹா):
இது எனக்குப் புதிது.

வாடைக்காற்று:
டிப்பர் என் தம்பியுடையது. அவருக்கும் ஓடுகிறது, கூப்பிடுகிற எல்லாருக்கும் ஓடுகிறது. வாடகை வண்டி. இருந்தாலும் கேள்வி வந்துவிட்டது. செயலாளர் இந்த ஒரு விஷயத்தில் ஒதுங்கி நின்றால் நானும் ஒதுங்கிக்கொள்கிறேன். பொருளாளராகச் செக்கில் கையெழுத்து மட்டும் போடுவேன், ஆளைத் தேர்ந்தெடுப்பதில் இல்லை. தானப் பத்திரம் பற்றி ஊராட்சியில் திங்கட்கிழமை கேட்கிறேன்.

மணல்மேடு:
நல்லது. அப்போது கவரை யார் பிரிப்பது? 48 வீட்டில் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு ஆளை நீங்களே காட்டுங்கள்.

தென்கடல்:
சொந்தமில்லாத ஆள் எதற்கு? கோயில் திடலில் நாலு நாற்காலி போட்டு, கவர் கொடுத்தவர்களையும் உட்காரவைத்து, எல்லார் முன்னாலும் பிரித்துத் தொகையைச் சத்தமாக வாசியுங்கள். அங்கேயே எல்லாரும் கையெழுத்துப் போடட்டும். தோஹா தம்பி வீடியோ காலில் பார்க்கட்டும்.

மணல்மேடு:
திடலில் என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் நம்ம ஊர்க்காரரும் கவர் போடுவார். தொகை சமமாக வந்தால் ஊர்க்காரருக்குத்தான்.

பனைமரத்தான் (தோஹா):
தாராளமாகப் போடட்டும் அண்ணே. 150 மி.மீ.க்கு, எழுத்தில். சமமாக வந்தால் என்ன செய்வது என்பதையும் இப்போதே தாளில் எழுதிவிடுங்கள், அன்றைக்குப் பேசவேண்டாம்.

கரண்டிக்காரன்:
வெளியூர்க்காரனும் போடலாம் என்றால் நானும் ஒரு கவர் போடுகிறேன். தாளை எப்போது தருவீர்கள்? புரட்டாசிக்குள் கான்கிரீட் விழவில்லை என்றால் மழையோடு போராடவேண்டும், அப்புறம் தைக்குத்தான் வருவேன். அதற்குள் ஜல்லி விலை ஏறினால் என்னைக் கேட்கக் கூடாது.